மனு போட்டால் டூரிஸ்ட் விசா போச்சா?

பெங்களூர் பிரேசர் டவுனில், அமெரிக்காவில் பிள்ளையோ கூடப்பிறந்தவரோ இருக்கும் எந்த வீட்டில் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: “கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணியாச்சா? அப்போ டூரிஸ்ட் விசாவை மறந்துடுங்க.” கோல்ஸ் பார்க்கில் காலை நடை போகிறவர்கள் சொல்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்கள் சொல்கிறார்கள். மாஸ்க் ரோட்டில் விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொல்கிறார். நாலு பேர் சொல்லிவிட்டால் நம்மூரில் அது சட்டம்.

சொல்லிவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. அதிலிருந்து மூன்று புத்திமதிகள் கிளைக்கின்றன. மனு போடாதே, போட்டிருந்தால் சொல்லாதே, சொல்லாமல் எப்படியோ போய்விட்டால் திரும்பி வராதே. மூன்றுமே தப்பு. நடுவில் உள்ளது ஆபத்தானதும்கூட. அடிப்படைக் கருத்தே பாதி உண்மைதான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ செத்திருக்கும். பாதி உண்மை என்பதால்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

முதலில் அந்தப் பாதி உண்மை. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. விசா மறுக்கப்பட்டு வருகிறவர்கள் “டூ ஃபார்ட்டீன் பி” என்று பெருமூச்சோடு சொல்வது இதைத்தான். விசா கேட்டு வரும் ஒவ்வொருவரையும் அங்கேயே குடியேற வந்தவர் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. எச்-1பி, எல் போன்ற சில விசாக்களுக்கு மட்டும் 1990இல் விலக்குக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிற மென்பொருள் பையன் ஒரு கையில் கிரீன் கார்டு மனுவையும் மறு கையில் எச்-1பியையும் வைத்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு வரப்போகிற அவன் அம்மாவுக்கு அந்தச் சலுகை இல்லை. “இரட்டை எண்ணம் டூரிஸ்ட் விசாவில் கிடையாது” என்று நம் ஆட்கள் சொல்வது இந்த மட்டில் சரி.

ஆனால் இதிலிருந்து “மனு இருந்தால் விசா இல்லை” என்ற முடிவுக்கு எப்படித் தாவினார்கள்? சட்டத்தில் அப்படி ஒரு தடை எங்கேயும் எழுதப்படவில்லை. சட்டம் கேட்பது, நீ என்றைக்காவது அமெரிக்காவில் வாழ ஆசைப்படுகிறாயா என்று அல்ல. இந்தப் பயணத்தில் போய்விட்டுத் திரும்பி வருவாயா என்பதுதான் கேள்வி. இரண்டும் வேறு. அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1975இல் ஹொசைன்பூர் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது: சட்டப்படி வாய்ப்பு வந்தால் நிரந்தரமாகத் தங்கவேண்டும் என்ற ஆசை, தற்காலிக விசாவுக்கு முரணாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஐம்பது வருடம் ஆகிறது. மாஸ்க் ரோட்டுக்குச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

இனி அந்த மனு எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். நம் பேட்டையில் பேச்சுக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை அண்ணனோ அக்காவோ தம்பியோ போட்டவை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் தன் கூடப்பிறந்தவருக்குப் போடுவது. எஃப்-4 என்று பெயர். இந்த வகைக்கு உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 விசாதான் ஒதுக்கீடு. போதாததற்கு, ஒரு நாட்டுக்கு மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று இன்னொரு வரம்பு. விளைவு என்ன? 2025இல் அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிட்ட விசா புல்லட்டினை எடுத்துப் பாருங்கள். இந்தியர்களுக்கு எஃப்-4 வரிசையில் அந்த ஆண்டு முழுக்க முறை வந்துகொண்டிருந்தது 2006இல் போட்ட மனுக்களுக்கு. பத்தொன்பது வருடம். மனு போட்டபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை கல்லூரி முடித்திருக்கும். இருபத்தொரு வயதைத் தாண்டிவிட்டதால் பெற்றோரோடு போகும் தகுதியையும் பெரும்பாலும் இழந்திருக்கும்.

இப்படிப் பத்தொன்பது வருட வரிசையில் நிற்கிற ஒருவர் டூரிஸ்ட் விசாவில் போய், அங்கேயே தங்கிவிடுவார் என்று சந்தேகப்படுவதில் என்ன நியாயம்? அவர் தங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? கிரீன் கார்டு கிடைக்காது. முறை வரவில்லை, அங்கிருந்தபடி அதற்கு விண்ணப்பிக்கவும் முடியாது. வழக்கமாகத் தருகிற ஆறு மாதத்தைத் தாண்டி, அதற்கு மேலும் 180 நாள் கடந்து தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் உள்ளே நுழையத் தடை; ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பத்து வருடம். 1996இல் கொண்டுவந்த சட்டம் இது. அவர் கையிலுள்ள பத்து வருட விசாவோ, ஒரு நாள் அதிகம் தங்கினாலே செல்லாது. அதாவது, வரிசையில் நிற்கிறவருக்குத் திரும்பி வருவதில்தான் லாபம், தங்குவதில் நஷ்டம். வரிசையிலேயே இல்லாதவருக்கு இழக்க ஒன்றுமில்லை, நிற்கிறவருக்கு உண்டு. அந்த மனு, ஒழுங்காகத் திரும்பி வருவேன் என்பதற்கு அவர் ஏற்கெனவே கட்டிவைத்திருக்கும் ஜாமீன். நம் ஆட்களோ அதையே குற்றப்பத்திரிகை மாதிரி ஒளித்துவைக்கச் சொல்கிறார்கள்.

ஒளித்துவைக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். ஜெராக்ஸ் எடுக்கப் போன இடம். அறுபதை ஒட்டிய ஒரு அம்மா, மடியில் பிளாஸ்டிக் ஃபைல். மகள் அங்கே எச்-1பியில் இருக்கும் கணவனோடு; தலைப்பிரசவம். அம்மாவின் தம்பி 2011இல் இவருக்காக மனு போட்டிருக்கிறார். விசா விண்ணப்பத்துக்கான டிஎஸ்-160 படிவம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் சார்பில் யாராவது அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் குடியேற்ற மனு கொடுத்திருக்கிறார்களா என்ற கேள்வி வந்தது.

“ஆன்ட்டி, இதுக்கு நோ போட்டுடறேன்.”

“தம்பி போட்டிருக்கானேப்பா.”

“போட்டா போட்டுட்டுப் போகட்டும் ஆன்ட்டி. யெஸ் போட்டா அங்கயே ரிஜெக்ட். இவங்களுக்கு எங்க தெரியப்போவுது?”

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குறுக்கே பேசினேன். அதற்குள் பையன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தான். படிவத்தின் கடைசியில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்றும் ஒரு கேள்வி உண்டு. அதற்கும் அவன் “நோ”தான் போட்டான், கூச்சமே இல்லாமல்.

எங்கே தெரியப்போகிறது என்றானே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தம்பி போட்ட ஐ-130 என்கிற அந்த மனு போய்ச் சேருவது அமெரிக்க அரசிடம். ஒப்புதல் ஆனதும் அது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அந்த மையம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஓர் அங்கம். சென்னை அண்ணா சாலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து விசா கொடுப்பதும் அதே வெளியுறவுத் துறைதான். அவர்கள் கோப்பில் இருக்கும் காகிதத்தை அவர்களிடமே “இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குப் பெயர் சாமர்த்தியமா?

சரி, அன்றைக்கு அதிகாரி கவனிக்கவில்லை, விசா கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். “பார்த்தியா, நோ போட்டதாலதான் கிடைச்சுது” என்று பேட்டை முழுக்கப் பரவும். கதை அங்கே முடிவதில்லை. அந்த அம்மாவின் முறை வருகிற வருடத்தில் குடியேற்ற விசா நேர்காணல் நடக்கும். இந்தியர்களுக்கு அது மும்பையில். அப்போது பழைய விண்ணப்பங்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். முடிவைப் பாதிக்கக்கூடிய ஒரு விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்லி விசா கேட்டவருக்கு அமெரிக்கச் சட்டம் விதிக்கும் தடை மூன்று வருடமோ பத்து வருடமோ அல்ல, ஆயுள் முழுக்க. விலக்குக் கேட்கலாம்; ஆனால் அதற்கு, அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஆன கணவன், மனைவி, தாய், தகப்பன் யாராவது இருந்து, அவர்களுக்குக் கடும் துன்பம் நேரும் என்று காட்ட வேண்டும். கூடப்பிறந்தவர் கணக்கில் சேரமாட்டார். பெற்ற பிள்ளையும் சேரமாட்டார். இந்த அம்மாவின் கணவர் பிரேசர் டவுனில் இருக்கிறார், பெற்றோர் இல்லை. விலக்குக் கேட்கக்கூட வாசல் இல்லை. தம்பி கட்டிய பணமும், காத்திருந்த வருடங்களும், ஒரு “நோ”வுக்குப் போயின. விண்ணப்பம் நிரப்பித் தந்தவர் மும்பைக்குக் கூட வரமாட்டார்.

“அந்தப் பொய் பெரிய விஷயமில்லை, முடிவை மாற்றியிருக்காது என்று வக்கீல் வைத்து வாதாடலாமே” என்று கேட்கலாம். வாதாடலாம். ஆனால் பொய் சொல்லச் சொன்னவரின் தர்க்கமே அந்த வாதத்தைக் கொன்றுவிடுகிறது. மனு தெரிந்தால் விசா கிடைக்காது என்பது அவர் கட்சி. அப்படியானால் மறைத்தது முடிவை மாற்றக்கூடிய விஷயம். ஆயுள் தடைக்குப் பொருத்தமான பொய். மனுவால் விசா பாதிக்காது என்றால், பொய்க்கே அவசியமில்லை. எந்தப் பக்கம் போனாலும் “நோ” போட்டது முட்டாள்தனம்.

“மனு இருந்தால் விசா இல்லை” என்ற கருத்தின் பலமான வாதத்துக்கு வருகிறேன். “சட்டம் என்ன வேணா சொல்லட்டும் சார், நடைமுறையில் ரிஜெக்ட்தானே பண்றாங்க” என்பார்கள். நடைமுறை எனக்கும் தெரியும். இந்தியாவில் நடக்கிற விசா நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம். கொண்டுபோன வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, ஓய்வூதியப் புத்தகம் எதையும் பெரும்பாலும் புரட்டமாட்டார்கள். அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது. கணவருக்கு விசா மறுத்த முன்யோஸ் வழக்கில், அமெரிக்கக் குடிமகளான மனைவிக்கே அதைக் கேள்வி கேட்கும் அடிப்படை உரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்லிவிட்டது. இந்த நிலையில் யாருக்கு வேண்டுமானாலும் மறுக்கலாம், மறுக்கிறார்கள்.

ஆனால் மறுப்புக் கடிதத்தில் இருப்பது 214(பி) என்ற அச்சடித்த வாசகம் மட்டும். காரணம் எழுதியிருக்காது. அந்தக் காலி இடத்தில் “மனு” என்று எழுதிக்கொள்வது நாம். பக்கத்துத் தெருவில் மனுவே இல்லாமல் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி “கிரகம் சரியில்லை” என்கிறோம். மனு இருந்தும், அதைச் சொல்லியும், விசா வாங்கிப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோயில் வாசலில் நின்று பிரசங்கம் செய்வதில்லை, பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுகிறார்கள். நமக்கு வந்து சேருவது புலம்பல் மட்டும்தான்.

ஓரிடத்தில் நான் இறங்கி வரவேண்டும். கல்யாணமாகி மூன்று மாதம், கணவன் அமெரிக்காவில், இவள் இங்கே. மனைவிக்கான மனு நிலுவையில். இந்தப் பெண்ணுக்கு டூரிஸ்ட் விசா கிடைப்பது கஷ்டம்தான். ஏன் திரும்பி வருவாய் என்று கேட்டால் சொல்ல அவளிடம் நல்ல பதில் அநேகமாக இல்லை. கிடைக்கும் என்று அவளுக்கு நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் தடையாக நிற்பது மனுவா? மனுவே போடாமல் போய் நின்றாலும் படிவம் கணவன் எங்கே என்று கேட்கும். அமெரிக்காவில் என்று எழுத வேண்டும். அதிகாரி பயப்படுவது கல்யாணத்தைப் பார்த்து. மனு அதற்கு ஒரு நகல் மட்டுமே. பிரிந்து கிடக்கும் மனைவிகளின் அவஸ்தை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தெரிந்ததுதான். 2000இல் லைஃப் சட்டம் கொண்டுவந்து, மனு நிலுவையில் உள்ளபோதே குடிமக்களின் மனைவிகள் வந்து சேர கே-3 என்று ஒரு விசாவை உண்டாக்கினார்கள். நடைமுறையில் அது செத்துவிட்டது. அந்த விசா கைக்கு வருவதற்குள் மூல மனுவே தீர்ந்துவிடுகிறது. அமெரிக்காவைத் திட்ட வேண்டுமென்றால் இதற்காகத் திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கனடாவைப் பாருங்கள். நிரந்தரமாகக் குடியேற எண்ணமிருப்பது தற்காலிகமாக வருவதற்குத் தடையில்லை, அனுமதித்த காலம் முடிந்ததும் கிளம்புவார் என்று அதிகாரிக்குத் திருப்தி இருந்தால் போதும் என்று அந்நாட்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் 2011இல் சூப்பர் விசா தொடங்கினார்கள். 2022 முதல் ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். டொராண்டோவில் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளில் இந்தப் பயமே இல்லை. சட்டத்தை வெளிச்சத்தில் எழுதினால் மனிதர்களுக்கு ஒளிய வேண்டியிருக்காது. அமெரிக்கா எழுதவில்லை, அதற்காக நாம் பொய் எழுதலாமா?

மறுபடி நடைமுறைக்கு வருவோம். உண்மை சொல்லி மறுக்கப்பட்டால் என்ன நஷ்டம்? 185 டாலர் கட்டணம், சுமார் 16,000 ரூபாய். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ராத்திரி சென்னை மெயில் ஏறிப்போய் வந்த அலுப்பு. (பெங்களூரில் 2025 ஜனவரியில் துணைத் தூதரகம் திறந்தார்கள், விசா சேவை இல்லாமல்!) சூழ்நிலை மாறினால் மறுபடி விண்ணப்பிக்கலாம், தடை எதுவும் இல்லை. பொய் சொல்லி மாட்டினால் நஷ்டம் ஆயுளுக்கும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க வக்கீல் தேவையில்லை.

“போய்ட்டா அங்கயே பாத்துக்கலாம்” என்கிற மூன்றாவது புத்திமதிக்கு வருகிறேன். இதற்கு ஆதாரமாக எப்போதும் ஒரு வீட்டுக் கதை இருக்கும்: இன்னாருடைய அம்மா டூரிஸ்ட் விசாவில் போனார், மகன் அங்கேயே கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டான். உண்மையாகவே இருக்கலாம். இருபத்தொரு வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனின் பெற்றோர் நெருங்கிய உறவு என்ற வகையில் வருகிறார்கள். அவர்களுக்கு ஆண்டு வரம்பு இல்லை, வரிசை இல்லை. முறையாக உள்ளே வந்திருந்தால் அங்கிருந்தே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தம்பி போட்ட மனுவோடு ஒருவர் போய் உட்கார்ந்தால், அவருக்கு அந்த வழி எதுவும் இல்லை. விசா இல்லாமல் ஒளிந்து வாழ வேண்டியதுதான். ஒருவர் மருந்துச் சீட்டை இன்னொருவர் விழுங்குகிற கதை. பெற்றோருக்கும்கூட இது ராஜபாட்டை அல்ல. பார்க்க வந்தேன் என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டு உடனே குடியேற்ற விண்ணப்பம் போட்டால், சொன்னது பொய்யா என்ற கேள்வி எழும். உள்ளே வந்த 90 நாளுக்குள் விசாவுக்குப் பொருந்தாத காரியம் செய்தால் பொய் சொன்னதாகவே அனுமானிக்கலாம் என்று தூதரக அதிகாரிகளின் கையேடு 2017 முதல் சொல்கிறது. புறப்படும்போதே தங்கும் திட்டத்தோடு கிளம்புகிறவரை நான் ஆதரிக்கவில்லை. அவருக்குச் சரியான வழி, மனு போட்டு மும்பையில் குடியேற்ற விசா வாங்கிக்கொண்டு போவது.

மிச்சமிருப்பது “மனுவே போடாதே”. கூடப்பிறந்தவர் மனுவில் இது நேரடி நஷ்டம். வரிசையில் இடம் பிடிப்பது மனு போட்ட தேதி. டூரிஸ்ட் விசா கெட்டுவிடும் என்று பயந்து ஐந்து வருடம் தள்ளிப்போட்டவர், முடிவில் அந்த ஐந்து வருடத்தையும் காத்திருப்பில் சேர்த்துக் கட்டுகிறார். ஏற்கெனவே கையில் பத்து வருட விசா உள்ளவருக்கு மனு போட்டதால் அது ரத்தும் ஆகாது. பெற்றோர் விஷயத்தில் மட்டும் எனக்கும் ஒரு தயக்கம் உண்டு, வேறு காரணத்துக்காக. நம் பேட்டையின் எத்தனையோ அப்பா அம்மாக்களுக்கு அமெரிக்காவில் வாழ ஆசையே கிடையாது. வருடத்தில் நாலு மாதம் பேரக்குழந்தை, மீதி நாள் ஆல்பர்ட் பேக்கரி பன்னும் சொந்தக் கட்டிலும். அவர்களுக்குப் பிள்ளைகள் ஆசையாக கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, வருடம் முழுக்க அங்கே இருக்காவிட்டால் கார்டு போய்விடும் என்று மிரட்டுகிறார்கள். கடைசியில் கார்டை ஒப்படைத்துவிட்டு டூரிஸ்ட் விசாவுக்கு வந்து நிற்கிற பெரியவர்களும் உண்டு. குடியேற விரும்பாதவருக்கு மனு வேண்டாம். விரும்புகிறவருக்கு இன்றைக்கே போடுங்கள்.

போட்டாயிற்றென்றால் படிவத்தில் “யெஸ்” போட்டுவிட்டு, கீழே திறக்கும் பெட்டியில் நாலு வரி எழுதினால் போதும்: யார், எந்த வருடம், எந்த வகையில் போட்டார், முறை வர இன்னும் பல வருடம் இருக்கிறது, இந்தத் தடவை போவது மகள் பிரசவத்துக்கு, இத்தனை வாரத்துக்கு, கணவரும் வீடும் இங்கே. நேர்காணலில் கேட்டால் அதையே வாயால் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லலாம், சென்னையில் மொழிபெயர்க்க ஆள் உண்டு. அதற்கு முன்னால் ஒரு காரியம்: அமெரிக்காவில் உள்ள அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் போன் போட்டு, எனக்காக எப்போதாவது மனு போட்டாயா என்று கேட்டுவிடுங்கள். போட்டுவிட்டுச் சொல்லாமல் மறந்துபோன தம்பிகள் இருக்கிறார்கள். மனு எண் இருந்தால் அதையும் வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.